தண்ணீர்ப் படலத்தில் நிற்கும் மோட்டார்

திண்டிவனம், செஞ்சிப் பக்கம் கடும்பாறை. வானூர்ப் பக்கம் போனால், திருவக்கரைக் கல்மரங்கள் கிடக்கிற மணற்கல் படிவு. பாறையில் போட்ட போர்வெல் சீக்கிரம் வற்றும். மணற்பாங்கில் தண்ணீரோடு பொடிமணலும் ஏறும். இரண்டிலும் ஒரே மாதிரி சப்மர்சிபிள் மோட்டாரைத்தான் இறக்குகிறோம். பழுதாகி மேலே வந்தால் ‘காயில் போச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காயிலுக்கு முன்பே அடியில் தேய்ந்துபோனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடியில் இருப்பது த்ரஸ்ட் பேரிங். பம்பு தண்ணீரை மேலே தள்ளத் தள்ள, எதிர்விசை தண்டைக் கீழே அழுத்துகிறது. 100 மீட்டர் ஏற்றத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ அழுத்தம். அது விழும் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் பாரம் 400 கிலோ. அதைச் சுமந்தபடி நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் இதற்குக் குண்டு பேரிங் கிடையாது. ஒரு கார்பன் வட்டு, அதற்கெதிரே இலேசாகச் சாயக்கூடிய எஃகுத் துண்டுகள், நடுவே வெறும் தண்ணீர். வேகம் பிடித்ததும் அந்தத் தண்ணீர் ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுபட்டு, சில மைக்ரான் தடிமனுள்ள படலமாகிப் பாரத்தைத் தூக்குகிறது. இதற்கான கணக்கை 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். சாயும் துண்டுகளை ஆஸ்திரேலியாவில் மிட்செலும் அமெரிக்காவில் கிங்ஸ்பரியும் தனித்தனியே கண்டார்கள்.

ஓடும்வரை உலோகமும் கார்பனும் தொடுவதில்லை. தொடாததால் தேய்மானமும் இல்லை. கசிந்தாலும் கிணற்றில் எண்ணெய் கலக்காது. குடிதண்ணீருக்கும் அதே போரை நம்பும் ஊர்களில் இது சின்ன நன்மையல்ல.

ஆனால் தண்ணீர் மெலிந்த திரவம். சாதாரண இயந்திர எண்ணெயின் பிசுபிசுப்பு அதைப்போலப் பல மடங்கு. பற்றாக்குறையை வேகம்தான் ஈடுகட்டுகிறது. வேகம் இல்லாத நேரத்தில், அதாவது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும், கார்பன் எஃகில் உரசியே தீரும். பாறைப் போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினால் உள்ளிருக்கும் தண்ணீர் சூடேறும். 30 டிகிரியிலிருந்து 60க்குப் போனாலே பிசுபிசுப்பு நாற்பது சதவீதம் குறைந்து படலம் மெலியும். வானூரில் வேறு தொல்லை: தண்டின் சீல் தேய்ந்தால், படலத்தைவிடப் பருத்த மணல்துகள் உள்ளே நுழைந்து கார்பனைக் கீறும்.

நம் பழக்கம் இந்தப் பலவீனத்தைத் தேடிப்பிடித்து அடிக்கிறது. விவசாய மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரமோ விட்டுவிட்டு வருகிறது. கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஒவ்வொரு தடைக்கும் ஓர் உரசல். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு கசிந்தால் இன்னும் மோசம்: குழாயில் நின்ற தண்ணீர் இறங்கி பம்பைப் பின்புறமாகச் சுழற்றும்போது கரண்ட் வந்தால் தண்டே முறியலாம்.

இதற்குப் பொறியியலில் நேரான மாற்று உண்டு. ஹைட்ரோஸ்டேடிக் பேரிங் வேகத்தை நம்பாது; வெளியிலிருந்து அழுத்தத்தோடு திரவத்தைச் செலுத்தி, சுழலும் முன்பே பாரத்தைத் தூக்கிவிடும். அமெரிக்காவின் பாலோமரில் 1948 முதல் 200 அங்குலத் தொலைநோக்கி எண்ணெய்ப் படலத்தில் அசைவது அப்படித்தான். போர்வெல்லிலும் முடியாதா? வால்வுக்கு மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீர் நுண்துளை வழியே போக வேண்டும், மணல் அடைத்துக்கொள்ளும். ஆறு அங்குலக் குழிக்குள் வடிகட்டியை யார் கழுவுவது? காகிதத்தில் அழகான யோசனை, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை சூரியசக்தி பம்புகளைப் பற்றித்தான். 2019இல் அவற்றுக்கு மானியம் தரும் பிஎம் குசும் திட்டம் வந்தது. மின்தடைத் தொல்லை இதில் குறைவு. ஆனால் காலையிலும் மாலையிலும், மேகம் மறைத்தாலும், கண்ட்ரோலர் மோட்டாரின் வேகத்தைக் குறைத்து எப்படியாவது ஓடவைக்கப் பார்க்கும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டாதீர்கள், கிளம்பியதும் ஒரு விநாடிக்குள் அதைத் தாண்டுங்கள் என்கிறது சப்மர்சிபிள் மோட்டார் தயாரிப்பாளர்களின் கையேடு. அதற்குக் கீழே படலம் நிற்காது. மெல்லச் சுழலும் பம்பு மேலே சொட்டுத் தண்ணீரும் ஏற்றாமல் கார்பனை மட்டும் அரைக்கலாம். மானியத்தில் பம்பு பொருத்த வருபவர்கள் பேனலின் சாய்வைச் சரிபார்ப்பதுபோல் இந்தக் கீழ்வரம்பையும் கண்ட்ரோலரில் அமைத்து, விவசாயிக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும். வெயில் ஏறும்வரை பம்பு சும்மா நிற்கும். இழப்பு கொஞ்சநேரத் தண்ணீர்தான்.