கேட்டால் கிடைக்கும் ஊசி, கேட்டாலும் கிடைக்காத மாத்திரை

முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்குக் கழுத்தும் முதுகும் வலிக்கின்றன. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் நடவு நடுகிறவர்களுக்கு இடுப்பு. பத்தமடையில் தரையில் உட்கார்ந்து பாய் நெய்கிறவர்களுக்கு முழங்கால். தாமிரபரணிப் பாசனம் முழுக்க உழைப்பின் வலி இப்படி உடம்பு உடம்பாகப் பிரிந்து கிடக்கிறது. மருத்துவரிடம் போனால் இவர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஒரு ஊசி போட்டுருங்க சார்.” அவர் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், “ஒரு ஊசி கூடப் போடல” என்பது வீடு திரும்பியதும் சொல்லும் குறை. அடுத்த முறை வேறு மருத்துவர்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் கூலி. இன்று சுற்றாவிட்டால் இன்றைக்குக் காசு இல்லை. பீடி சுற்றுகிறவளுக்கு வேண்டியது நாளைக் காலையில் மறுபடி சுளகின் முன்னால் உட்காரும் தெம்பு. ஊசி அதைத் தருகிறது என்பது அவள் அனுபவம். சில வலிகளில் ஊசி மருத்துவப்படியே சரியானது. சிறுநீரகக் கல் இறங்கும்போது வரும் வலியில் துடித்துக்கொண்டு நள்ளிரவில் வருகிறவருக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுவது முதல்தரமான சிகிச்சை. அங்கே தயங்குவதுதான் தவறு. பல்லாண்டு வேலையில் தேய்ந்த முழங்காலுக்கும் பிடித்துக்கொண்ட இடுப்புக்கும் கதை வேறு. அங்கே மாத்திரையைவிட ஊசி பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. சீழ்க்கட்டி, நரம்பில் குத்திவிடும் அபாயம் ஆகியவை மட்டுமே கூடுதல்.

ஊசியைவிட எனக்கு அச்சம் தருவது செட்டு மாத்திரை. மருத்துவரிடம் வாதாடிச் சலித்தவர்கள் நேரே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். “மேலு வலிக்கு ஒரு செட்டு” என்றால் போதும். நான்கைந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. அதில் பெரும்பாலும் ஒரு வலிநிவாரணி, ஒரு வயிற்று மாத்திரை, பல வேளைகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனதும் வலி மாயமாகும், பசி எடுக்கும், உடம்பு இலேசாகும். “அந்தக் கடைக்காரர் கை ராசி” என்ற பேர் அப்படித்தான் பிறக்கிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் ஆள் சரிந்துவிடவும் கூடும். டைக்ளோஃபினாக் வகையோ சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நிற்கிற உடம்புக்கு இந்தக் கேடு இரட்டிப்பு. இவையெல்லாம் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை என்று சட்டம் சொல்கிறது. கடைவீதியில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆகவே ஊசி மறுக்கும் மருத்துவர் பெரும்பாலும் சரியானவர். அவருடைய குறை, மறுக்கிற விதத்தில் இருக்கிறது. நீண்ட வரிசை நிற்கும் புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்துக்குள் “ஊசியெல்லாம் வேண்டாம், போம்மா” என்று முடித்துவிட்டால், அந்தப் பெண்ணுக்குத் தன் வலியை அவர் நம்பவில்லை என்றே படும். முழங்காலுக்கு வலிநிவாரணிக் களிம்பே நல்ல தொடக்கம், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி மாத்திரையைவிட நீண்ட நாள் உதவும் என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் அவருக்கு ஒதுக்கித் தரவில்லை. தனியார் மருத்துவருக்கோ, ஊசி போடாவிட்டால் நோயாளி எதிர்க் கிளினிக்குக்குப் போய்விடுவார் என்ற கணக்கு. அந்தக் கணக்குக்காகப் போடப்படும் ஊசியை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இத்தனை தாராளமாக ஊசி புழங்கும் இதே ஊரில்தான், புற்றுநோய் எலும்பில் பரவி இரவெல்லாம் கதறும் மனிதருக்கு மார்ஃபின் மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை. புற்றுநோய் வலிக்கு அது அடிப்படை மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வழிகாட்டிவிட்டது. விலையும் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டு, 1985இல், இந்தியாவில் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவமனைகளை நடுங்க வைத்தது. மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள், கணக்கில் பிசகினால் சிறை. பெரும்பாலான மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டன. மார்ஃபின் எழுதியே பழகாத மருத்துவர்கள் ஒரு தலைமுறையாக உருவானார்கள். மார்ஃபின் எடுக்கப்படும் அபினியைச் சட்டபூர்வமாக விளைவித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இது. 2017இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையின் மதிப்பீட்டில், இங்கே தேவைப்படும் அபினி வகை வலிமருந்தில் 4 விழுக்காடே நோயாளிகளைச் சேர்கிறது.

மருத்துவர்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டபென்டடால் என்ற அபினி வகை வலிமாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் அடிக்கடி பிடிபடுகிறார்கள். அதே வகையைச் சேர்ந்த டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அமெரிக்காவில் மருந்து நிறுவனங்களின் பேச்சை நம்பி முதுகுவலிக்கெல்லாம் ஆக்சிகோடோன் போன்ற அபினி வகை மருந்துகளை எழுதியதில் இலட்சக்கணக்கான உயிர்கள் போயின. ஆனால் அமெரிக்காவின் தவறு மிகையாகக் கொடுத்தது. நம் தவறு சாகப்போகிறவருக்கும் கொடுக்காதது. அங்கத்திய பயத்தை இங்கே கொண்டுவந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் புற்றுநோயாளியை அந்த இளைஞர்களோடு சேர்த்துச் சந்தேகிப்பது கொடுமை. முறையான கண்காணிப்பில் வாய்வழி மார்ஃபின் சாப்பிடும் புற்றுநோயாளி அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் அவருக்குப் பெரும்பாலும் வரும் தொல்லை; கூடவே மலமிளக்கி எழுத வேண்டும்.

குடும்பங்களின் தயக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது. “அந்த மாத்திரை ஆரம்பிச்சா அவ்வளவுதான்” என்று பிள்ளைகளே தகப்பனுக்குக் கொடுக்காமல் வைத்துவிடுவதுண்டு. மார்ஃபின் சாவை அழைத்து வருவதில்லை. சரியான அளவில் கொடுத்தால் நோயாளி தூங்குவார், நாலு வாய் சாப்பிடுவார், பேரப்பிள்ளையோடு பேசுவார்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நிலைமை வேறு. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், ஊரார் கையில் ஊரார் நோயாளியை ஒப்படைக்கும் அளவுக்குக் கேரளம் முழுக்க வளர்ந்தது. தென்காசி, நெல்லைப் பக்கத்துப் புற்றுநோயாளிகள் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போய்வருவது வழக்கம். தமிழகத்திலும் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் வலி தணிப்புச் சேவையும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பின், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை பழைய உரிமச் சிக்கல் இல்லாமல் மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம். தடை நீங்கியும் பழக்கம் மாறவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் வட்டத் தலைநகர் மருத்துவமனை வரை, மார்ஃபின் இருப்பும் அதை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரும் இருந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் வலியில் கிடந்தால், மருத்துவரிடம் மார்ஃபின் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மருந்துக்கடையில் செட்டு வாங்கப் போகிறீர்கள் என்றால், உறைக்குள் இருக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் கேளுங்கள். சொல்ல மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.