கேஜ் சரி, பதம்?

சென்னையில் ஏசி உதிரிபாகக் கடையில் காப்பர் பைப் கேட்டால், முதல் கேள்வி கால் இஞ்சா அரை இஞ்சா என்பது. அடுத்தது, எத்தனை கேஜ்? 22 கேஜ் என்றால் சுவர் 0.71 மி.மீ., 20 என்றால் 0.91. பதத்தைப் பற்றிப் பேச்சே எழாது. வீட்டு ஸ்பிளிட் ஏசிக்கு அது பாதகமில்லை. சுருளாக வருவதெல்லாம் சூடேற்றி இளக்கிய மென்பதச் செம்பு. கையால் விரிக்கலாம், நுனியை ஃப்ளேர் செய்யலாம். நீளக் கழியாக வரும் கடினப் பைப்பை அப்படி ஃப்ளேர் செய்தால் விளிம்பு பிளந்துவிடும்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டு வேலைக்கு இதே சுருள்தான். வேறுபாடு பைப்பின் மேலுள்ள எழுத்தில் இருக்கிறது. இந்தியாவில் உள்நாட்டு உற்பத்தி உண்டு, அதற்கு ஐஎஸ் 10773 என்ற தரநிலையும் உண்டு. இலங்கையில் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. அமெரிக்க முறையில் ஓ60, ஐரோப்பிய முறையில் ஆர்220, ஜப்பானிய முறையில் வெறும் ஓ. மூன்றும் மென்பதமே. ஆர்220 என்பதிலுள்ள எண், சதுர மி.மீ.க்கு 220 நியூட்டன் என்ற குறைந்தபட்ச இழுவலிமை. எச்58, ஆர்290 என்றிருந்தால் கடினம். தொல்லை பிடித்த கலவைதான். ஆனாலும் எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டிய கட்டாயம் நல்லது என்பேன். கேஜோடு நின்றுவிடும் நம் ஊர்ப் பழக்கம் பெரிய கட்டடங்களில் சறுக்குகிறது.

அங்கே ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல அறைகளுக்குப் பைப் போகும் விஆர்எஃப் ஏசி வேலைக்கு இரு நாட்டிலும் ஜப்பானிய நிறுவனங்களின் கையேடுகள் புழங்குகின்றன. அதில் ஓடும் ஆர்410ஏ குளிர்வாயுவின் அழுத்தம் பழைய ஆர்22-ஐப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். அதற்கு 15.9 மி.மீ. பைப் மென்பதத்தில், 0.99 சுவருடன் வேண்டும். அடுத்த அளவான 19.1-க்கு 0.80 சுவரே போதும், ஆனால் அரைக்கடினமாக இருக்க வேண்டும். பைப் பெருத்தும் சுவர் மெலிகிறது, ஈடுகட்டுவது பதம். முக்கால் இஞ்ச், 21 கேஜ் என்று சொல்லிச் சுருளை வாங்கிவந்தால் தடிமன் 0.81, கணக்கில் தேறிவிடும். பதம் தேறாது.

அரைக்கடினப் பைப்பைத் தீயில் காட்டி இளக்கி வளைப்பவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள். திருப்பத்தில் வைக்கும் எல்போ இணைப்பின் செலவு மிச்சம். எல்போ வைத்து பிரேசிங் செய்தாலும் சூடு ஏறத்தான் செய்யும், ஆனால் அங்கே எல்போவின் கழுத்து இன்னொரு சுவராக மேலே கவிந்திருக்கிறது. வளைத்த இடத்தில் அந்தத் துணை இல்லை; வெளிப்புறச் சுவர் இழுபட்டு 0.80-க்கும் கீழே போயிருக்கும், ஆறிய பிறகும் பழைய பதம் திரும்பாது.