லிமாவின் மதியச் சாப்பாடு

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் வயிறார உண்ண, விருது வாங்கிய உணவகங்களைத் தேடி அலைய வேண்டாம். மதியத்தில், வாசலில் பலகை வைத்திருக்கும் சின்னக் கடைக்குள் நுழைந்தால் போதும். ‘மெனு’ என்று கேட்டால் முன்னுணவு, முதன்மை உணவு, பானம் எல்லாம் சேர்த்து ஒரே விலை. முன்னுணவில் ‘பாப்பா அ லா உவாங்கைனா’ இருந்தால் விடாதீர்கள்: அவித்த உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றியது. நிறம்தான் மிரட்டும், காரம் சாது.

எனக்குப் பிடித்தது லோமோ சால்தாடோ. மாட்டிறைச்சிக் கீற்றுகளை வெங்காயம், தக்காளி, மிளகாயோடு பெருந்தீயில் புரட்டி, சோயா சாஸும் வினிகரும் விடுகிறார்கள். அந்த சோயா சாஸ், 1849 முதல் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்கும் கடற்பறவை எரு வெட்டவும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களின் வழி வந்தது. தட்டில் சோறும் உண்டு, உருளைக்கிழங்கு வறுவலும் உண்டு. மருத்துவர் முகம் சுளிக்கலாம். ஆனால் இறைச்சிச் சாறு இறங்கி ஊறிய வறுவலில்தான் ருசியே இருக்கிறது.

பானம் பெரும்பாலும் சிச்சா மொராடா. ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்து, ஆறியபின் எலுமிச்சை பிழிவார்கள். பாக்கெட் பொடியைக் கரைத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அங்கே வெறும் தண்ணீரே மேல்.