பெட்டியில் 1200 லூமன், வரப்பில் எத்தனை?

ஈடிசி, அதாவது எவ்ரிடே கேரி என்று ஆங்கில இணையத்தில் ஒரு தனி உலகமே இருக்கிறது. தினமும் பாக்கெட்டில் இருக்க வேண்டிய சாமான்கள் பற்றிய உலகம்: மடக்குக் கத்தி, பேனா, டார்ச் லைட். இதில் டார்ச் விமர்சனங்களைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து படித்தும் பார்த்தும் வருகிறேன். பெரும்பாலும் எல்லாமே ஒரே தடத்தில்தான் போகும். பெட்டியைப் பிரிப்பார்கள், எடை போடுவார்கள், வெள்ளைச் சுவரில் அடித்துக் காட்டுவார்கள், ராத்திரி வெளியே போய் 'டர்போ'வை அமுக்கி தூரத்து மரத்தைப் பகலாக்குவார்கள். கடைசியில் "இந்த விலைக்கு இத்தனை லூமனா!" என்று முடியும்.

பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஒரு டார்ச்சை எதற்காக வாங்குகிறோமோ அதற்கு இந்த விமர்சனங்கள் பதில் சொல்வதில்லை என்பது என் வாதம். பெட்டியில் இருக்கும் எண்களைப் பொய் என்று சொல்ல வரவில்லை. நல்ல கம்பெனிகளின் எண்கள் பெரும்பாலும் உண்மைதான். அவை டார்ச்சின் முதல் ரெண்டு நிமிஷத்தை அளக்கின்றன. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு வரும் மணி நேரங்கள்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

2009-ல் அமெரிக்காவில் ஆன்சி எஃப்எல்1 என்ற தரநிலை வந்தது. அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு லூமன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்ஈடி தயாரிப்பாளர் தாளில் போட்டிருந்த எண்ணை அப்படியே பெட்டியில் அச்சடித்தவர்களும் உண்டு. கண்ணாடியைத் தாண்டி வெளியே எவ்வளவு வருகிறது என்பது வேறு கதை. எஃப்எல்1 அதை ஒழுங்குபடுத்தியது. வெளியே வரும் மொத்த ஒளியைத்தான் அளக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. இது பெரிய உபகாரம், மறுக்க முடியாது. ஆனால் பின்பற்றுவது கட்டாயம் இல்லை. பின்பற்றினாலும் மூணு இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது, லூமன். டார்ச்சைப் போட்ட 30-வது வினாடியிலிருந்து 120-வது வினாடிக்குள் அளந்தால் போதும். மூன்றாவது நிமிஷத்தில் வெளிச்சம் பாதியாகப் போனாலும் பெட்டியில் 1200 என்று போடலாம். விதிப்படி அது சரிதான்.

ரெண்டாவது, ஓடும் நேரம். 30-வது வினாடியில் இருந்த வெளிச்சம் அதில் பத்து சதவீதமாகக் குறையும் வரை ஆகும் நேரம்தான் 'ரன்டைம்'. கற்பனையாக மூன்று டார்ச்சுகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் டார்ச் 100 லூமனில் ஆரம்பித்து 5 மணி நேரம் ஆடாமல் அசையாமல் எரிந்து அணைகிறது. பெட்டியில் 5 மணி நேரம்.

ரெண்டாவது 1000 லூமனில் ஆரம்பித்து, மூணு நிமிஷத்தில் 110-க்கு இறங்கி, மொத்தம் 5 மணி நேரம் ஓடுகிறது. இதற்கும் 5 மணி நேரம்தான். வாங்குகிறவர் "1000 லூமன், 5 மணி நேரம்" என்று சேர்த்துப் படித்துக்கொள்வார்.

மூன்றாவது 1000-ல் ஆரம்பித்து, மூணு நிமிஷத்தில் 95-க்கு இறங்கி, 6 மணி நேரம் ஓடுகிறது. 95 என்பது பத்து சதவீதத்துக்குக் கீழே. ஆகவே பெட்டியில் போட வேண்டியது மூணு நிமிஷம்!

110-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசத்தை நம் கண் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. ஆனால் ஒன்றுக்கு 5 மணி நேரம், இன்னொன்றுக்கு 3 நிமிஷம். இப்படி ஒரு அளவுகோல் இருந்தால் வடிவமைப்பாளர் எந்தப் பக்கம் சாய்வார்? ஆரம்பத்தில் ஒரு பெரிய எண், பிறகு பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு நீண்ட கோடு. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது பழகின வியாதி. பென்ச்மார்க்கில் எதை அளக்கிறோமோ அதற்காகவே கோடு எழுத ஆரம்பித்துவிடுவோம். உச்ச வேகத்தைக் காட்டி சர்வர் விற்பவரிடம், "சாயங்காலம் கூட்டம் ஏறி ரெண்டு மணி நேரம் ஆன பிறகு எப்படி?" என்று கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். டார்ச்சிடம் மட்டும் கேட்பதில்லை.

200 மீட்டர் என்றால்

மூன்றாவது, தூரம். வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும் 'பீம் டிஸ்டன்ஸ்'. அது கிட்டத்தட்ட தெளிவான வானத்தில் முழு நிலா தரும் வெளிச்சம். 200 மீட்டர் டார்ச் என்றால், 200 மீட்டரில் நிலா வெளிச்சம் அளவுக்குத் தெரியும் என்று பொருள். அங்கே நிற்பது ஆளா மரமா என்று கூடச் சொல்வது கஷ்டம். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்பதால், 100 மீட்டரில் 1 லக்ஸ், 50 மீட்டரில் 4 லக்ஸ்.

இதையே கிட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். 200 மீட்டர் டார்ச்சின் நடுப்புள்ளியின் செறிவு 10,000 கேண்டெலா. காலுக்கு 4 மீட்டர் முன்னால் அடித்தால் 625 லக்ஸ். அலுவலக மேசைக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பது 500 லக்ஸ். அதாவது இருட்டுப் பாதையில் ஒரு தட்டளவு வட்டத்தை மட்டும் ஆபீஸ் மேசையை விடப் பிரகாசமாக்குகிறோம். கண் அந்த வட்டத்துக்குப் பழகிவிடும். சுற்றி இருப்பது எல்லாம் முன்னை விடக் கறுப்பாகும். அணைத்த பிறகு கண் முழுசாக இருட்டுக்குத் திரும்ப 20 முதல் 30 நிமிஷம் ஆகும். நடப்பதற்கு வேண்டியது அகலமான, மிதமான வெளிச்சம். பெட்டியில் மீட்டர் எண்ணை ஏற்றுவதற்கான சுலப வழியோ ஒளியைக் குறுக்குவது. ரெண்டும் எதிர் எதிர் திசை.

ஒரு சின்ன வகுத்தல்

எந்தப் பெட்டியையும் சோதிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இப்போது பரவலாக வரும் 18650 லித்தியம் செல்லின் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயர்) கொள்ளளவு 3000 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், 3.6 வோல்ட்டால் பெருக்க 10.8 வாட் மணி. நல்ல எல்ஈடி டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். ஆக மொத்தக் கையிருப்பு ஏறக்குறைய 1080 லூமன் மணி. இதை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம்: 100 லூமனில் 10 மணி நேரம், 500 லூமனில் 2 மணி நேரம்.

பெட்டியில் "1200 லூமன், 40 மணி நேரம்" என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் பெருக்கிப் பாருங்கள். 48,000. கையில் இருப்பதைப் போல 40 மடங்குக்கு மேல். அந்த 40 மணி நேரம் 20 லூமன் அளவில்தான் சாத்தியம். 1200 என்பது ஒன்றிரண்டு நிமிஷம். செல்லின் மேலேயே 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்து விற்பதும் இருக்கிறது. நல்ல கம்பெனி 18650 செல்லே 3500 பக்கம்தான் நிற்கும். அதை விட மூணு மடங்கு சொல்லும் செல்லைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

வெளிச்சம் இறங்குவதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். அதில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். கட்டை விரல் அளவு அலுமினியம் அந்தச் சூட்டை வெளியே தள்ள முடியாது. இறங்காத டார்ச்தான் ஆபத்து. என் குறை, அந்த இறக்கம் பெட்டியிலும் விமர்சனத்திலும் மறைந்துபோவது.

இதெல்லாம் யாருக்கு முக்கியம்?

டவுனில் அபார்ட்மெண்ட் வாசிக்கு டார்ச் ஒரு பொம்மையாக இருக்கலாம். கிராமத்தில் அப்படி இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலும் கிராமங்களில், சுமார் பாதி மழைக்காலத்தில். மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வரும் ஊர்களில் மோட்டார் போட வரப்பில் நடப்பவருக்கு, கண்ணாடி விரியனைச் சருகிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியது ரெண்டு அடி முன்னால். கட்டு விரியனோ வீட்டுக்குள்ளேயே, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. ராத்திரி எழுந்தால் காலை ஊன்றும் முன் தரையைப் பார்க்க 5 லூமன் தாராளம். 1200 லூமன் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையை எழுப்பும், நம் கண்ணையும் கூசவைக்கும்.

இந்த ஆட்களுக்கு 'டர்போ' எதற்கு? அவர்களுக்கு வேண்டியது போகும்போது இருந்த வெளிச்சம் திரும்பி வரும்போதும் இருப்பது. பழைய ரெண்டு கட்டை, மூணு கட்டை பேட்டரி லைட்டில் ஒரு நல்ல குணம் இருந்தது: கட்டை தீரும்போது வெளிச்சம் மஞ்சளாகி மங்கி, முன்கூட்டியே சொல்லிவிடும். சீராக எரியும் சில எல்ஈடி டார்ச்சுகள் கடைசி வரை பிரகாசமாக இருந்துவிட்டுச் சட்டென்று அணையும். நடு வரப்பில் அது கொடுமை. சீராகவும் எரிய வேண்டும், தீரும் முன் படி இறங்கி எச்சரிக்கவும் வேண்டும். இதைச் சோதித்துச் சொல்லும் விமர்சனம் மிகக் குறைவு.

"போன் லைட் போதாதா?" என்று கேட்கலாம். மாடிப்படிக்குப் போதும். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் 108-க்குக் கூப்பிட வேண்டியதும் அதே போன், அதே பேட்டரி. மழையில், சேற்றில், ஒரு கையில் சாமானோடு நடப்பதற்கும் அது செய்யப்பட்டதில்லை.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

முதல் சொடுக்கில் என்ன வருகிறது என்று பாருங்கள். சின்ன வெளிச்சத்தில் ஆரம்பிப்பதோ, கடைசியாக வைத்த அளவை நினைவில் வைப்பதோ நல்லது. ஒவ்வொரு தடவையும் உச்சத்தில் ஆரம்பித்து, நடுவில் கண்ணைப் பறிக்கும் 'ஸ்ட்ரோப்' வந்துபோகும் டார்ச்சைத் தொடாதீர்கள்.

உச்ச அளவை மறந்துவிட்டு, 100 லூமன் பக்கத்தில் இருக்கும் நடு அளவு எத்தனை மணி நேரம் என்று தேடுங்கள். நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தை வரைந்த கிராஃப் போடும் விமர்சகர்கள் சிலர் இருக்கிறார்கள். மற்ற பத்து வீடியோவை விட அந்த ஒரு படம் மேல்.

செல் எங்கே கிடைக்கும்? சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் உண்டு. ரீசார்ஜ் செய்யும் 2000 மில்லி ஆம்பியர் மணி நிக்கல் செல்லில் 2.4 வாட் மணிதான், 100 லூமனில் ரெண்டு மணி நேரம் வரலாம். 18650 அதைப் போல நாலு மடங்குக்கு மேல் தரும், ஆனால் ஊரில் மாற்று கிடைக்காது. நான் வீட்டுப் பெரியவர்களுக்குப் பென்சில் செல்லையும், தினமும் சார்ஜ் போடும் பழக்கம் இருப்பவர்களுக்கு 18650-ஐயும் சொல்வேன். சாதா ஆல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் ஒழுகி டார்ச்சையே அரித்துவிடும். தனி லித்தியம் செல்லைச் சாவி, சில்லறையோடு ஒரே பாக்கெட்டில் போடவே கூடாது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

நிறம் பாருங்கள். மலிவான நீல வெள்ளை ஒளியில் பழுப்பும் சிவப்பும் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகத் தெரியும். சிஆர்ஐ 90-க்கு மேல் என்றால் லூமன் கொஞ்சம் குறையும், ஆனால் சருகு சருகாகவும் மற்றது மற்றதாகவும் தெரியும்.

பாக்கெட்டில் தானாக எரியாமல் பூட்டும் வசதி இருக்கட்டும். உச்சத்தில் எரியும் டார்ச் துணியைக் கருக்கும்.

1899-ல் டேவிட் மிசெல் பெயரில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய கை விளக்குக்கு 'ஃபிளாஷ்லைட்' என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணம், அந்தக் காலத்துப் பேட்டரியால் தொடர்ந்து எரிய முடியாதது. விட்டு விட்டுத்தான் மின்ன முடிந்தது.  இப்போது ராத்திரி பூராவும் எரியும் எல்ஈடியும் செல்லும் கையில் இருக்கும்போது, ரெண்டு நிமிஷ மின்னலுக்குத்தான் விமர்சகர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ரெண்டே ரெண்டு: நடு அளவில் ஒரு முழு ரன்டைம் கிராஃப், சருகு கிடக்கும் பாதையில் நாலு மீட்டரில் எடுத்த ஒரு போட்டோ. மரத்தைப் பகலாக்குவதை அதற்குப் பிறகு காட்டட்டும்.