இயந்திரத்துள் இருப்பவர் யார்?

சித்திரப் படம் சிறுவர்க்கே உரியது. அதிலும், மலைபோன்ற இயந்திர மனிதர்கள் மோதிக்கொள்ளும் ஜப்பானியச் சித்திரப் படம் வெறும் ஆரவாரம் என்று எண்ணுவோர் நம்மவருள் பலர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். "பட்லேபர்" என்னும் படைப்பைக் கண்ட பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டோம். அதன் காரணத்தை அன்பர்களுக்குக் கூறுவது நமது கடமையாகும்.

மசாமி யூக்கி, மாமோரு ஓஷி, கசுனோரி இட்டோ, அக்கெமி தக்காடா, யுத்தாகா இசுபுச்சி என்னும் ஐவர் 'ஹெட்கியர்' என்ற பெயரால் ஒருங்குகூடி ஆக்கியது இது. 1988ஆம் ஆண்டில் வீடியோப் படமாக வெளிவந்து, 1989 முதல் 1990 வரை 47 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக விரிந்தது. கதை நிகழும் இடம் டோக்கியோ; காலம், அன்றைக்குப் பத்தாண்டு பிற்பட்ட 1998. டோக்கியோ விரிகுடாவில் நடைபெறும் பெருங்கட்டுமானத்திற்காக 'லேபர்' எனப்படும் இராட்சத இயந்திரங்கள் பெருகுகின்றன. அவற்றைக் கொண்டு குற்றம் புரிவோரும் பெருகவே, போலீசாரும் தமக்கென லேபர்களை அமைத்துக்கொள்கின்றனர்.

நிற்க. வீரசாகசம் நாடிச் செல்வோர் இங்கு ஏமாற்றமே அடைவர். இப்போலீஸ் படையினர் நகருக்கு அப்பால், கடலோரத்தில் அழைப்பை எதிர்நோக்கிக் காத்துக் கிடக்கின்றனர். பகலுணவு வந்து சேருமா என்பதே அங்குப் பெருங்கவலை. ஓட்டா என்பவன் முதலில் சுட்டுவிட்டுப் பின்னர் சிந்திப்பவன். ஷின்ஷி மனைவிக்கு அஞ்சுபவன். பேருருவம் படைத்த ஹிரோமியோ தக்காளிச் செடி வளர்க்கும் மென்மையாளன். தூங்குமூஞ்சியெனத் தோன்றும் தலைவர் கோட்டோ அனைத்தையும் அறிந்தவர். கிழவர் சக்காக்கியின் கீழுள்ள பழுதுபார்ப்போர் இல்லையெனில், இயந்திரம் ஓரடியும் எடுத்துவைக்காது. குற்றவாளியைப் பிடித்த பின்னரோ, உடைந்தவற்றிற்கெல்லாம் விளக்கம் எழுதித் தீர்க்க வேண்டும்! காணாமற்போன ஒரு வாளிக்கும் கணக்கெழுதும் நம்போன்ற கிராணிமார் இக்காட்சியில் வாய்விட்டுச் சிரியாதிருத்தல் அரிது.

ஆயினும், இது சிரிப்போடு ஒழிவதன்று. நோவா இசுமி என்னும் இளம்பெண், தான் ஓட்டும் 'இங்கிராம்' இயந்திரத்திற்கு 'அல்போன்ஸ்' எனப் பெயர் சூட்டுகிறாள். முன்னர் அவள் வளர்த்த நாய்க்கும் பூனைக்கும் இட்ட பெயர் அது. அதன்மீது ஒரு கீறல் விழினும் அவள் மனம் நோகும். அவளுக்கு எதிராக நிற்பவன் உட்சுமி. பெருங்கம்பெனியொன்றின் பகுதித் தலைவன், சிரித்த முகத்தினன். 'கிரிபன்' என்னும் கரிய இயந்திரத்தை ஓட்ட அவன் அமர்த்தியிருப்பது பாட் என்னும் இந்தியச் சிறுவனை. யூக்கி வரைந்த சித்திரக்கதையில், அச்சிறுவன் பிள்ளைகளை விற்போரிடமிருந்து வந்தவன். பாடுக்கு அனைத்தும் விளையாட்டு. உட்சுமிக்கோ பாடே ஒரு விளையாட்டுக் கருவி.

ஒருத்தி இயந்திரத்தைப் பிள்ளையாகப் பேணுகிறாள். ஒருவன் பிள்ளையை இயந்திரத்தின் ஓர் உறுப்பாக்குகிறான். இப்படைப்பின் உயிர்நிலை இதுவே என்பது நமது துணிபு. இயந்திரம் நல்லதுமன்று, தீயதுமன்று. அதனுள் யாரை அமர்த்தினோம், அவரை எவ்வாறு நடத்தினோம் என்பதே கேள்வி.

குறையொன்றும் கூறுதல் வேண்டும். போலீஸ் படையினர்க்குப் பொருந்திய நகைச்சுவை உட்சுமிக்கும் வாரி வழங்கப்பட்டுள்ளது. அவனது குறும்பில் மயங்கி, விலைபோன சிறுவனை நாம் மறந்துவிடுகிறோம். சித்திரப் படத்தில் அச்சிறுவனின் துயருக்கு உரிய இடம் கிட்டவில்லை. கொடுமை சிரித்த முகத்துடனும் வரும் என்பது மெய்யே. ஆனால் அச்சிரிப்பில் நாமும் கலந்துகொள்ளுமாறு செய்தல் தகுமா?

இக்குறை இருப்பினும், பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து காணத்தக்க படைப்பு இது. கண்டு சிரியுங்கள். சிரித்து முடித்தபின், கரிய இயந்திரத்துள் இருந்த அப்பையனைப் பற்றியும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.