இடைநிலை நூலும் இளஞ்சிறாரும்

ஆங்கிலங் கற்பிக்கும் நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றின் இலக்கண ஒழுங்கையும் சொற்றொகையையுமே நோக்குவர். அந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்னும் வினா பின்தள்ளப்பட்டு விடுகின்றது. எல். ஜி. அலெக்சாந்தர் 1967இல் வெளியிட்ட 'நியூ கொன்செப்ட் இங்கிலிஷ்' வரிசையின் மூன்றாம் நூலை இவ்வினாவோடு அணுகுதல் பயனுடைத்து. நான்கு நூல்களைக் கொண்ட அவ்வரிசையில் இடைநிலை மாணவருக்கு உரியது இதுவே.

நூலின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. 60 பாடங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு உரைப்பகுதி. பொருளுணர்தல், சுருக்கி எழுதுதல், கட்டுரை வரைதல் ஆகிய பயிற்சிகள் யாவும் அவ்வொரு பகுதியினின்றே முகிழ்க்கின்றன. கேளாததைப் பேசுவித்தல் ஆகாது, பேசாததை வாசிப்பித்தல் ஆகாது, வாசியாததை எழுதுவித்தல் ஆகாது என்பது அலெக்சாந்தர் வகுத்த நெறி.

எனினும், 'இடைநிலை' என்பது மொழித்தேர்ச்சியின் அளவேயன்றி வயதின் அளவன்று. முதற் பாடம் இலண்டனுக்கு அணித்தே பூமா என்னும் காட்டுப்பூனை காணப்பட்டதாக எழுந்த செய்தியைக் கூறுவது. கண்டோர் கூற்றை ஐயுறுதல், சான்றுகளை எடைபோடுதல் என வளர்ந்தோர்க்குரிய சிந்தனைப்போக்கு அதில் அமைந்துள்ளது.

இந்நூலை மாவடிப்பள்ளிச் சிறுவர் கையில் கொடுத்தால் நிகழ்வது யாது? பூமா அயல்நாட்டு விலங்காயிருத்தல் குறையன்று; காணாத விலங்கின் கதையைச் சிறுவர் விரும்பியே கேட்பர். சொல்லுதற்குத் தமக்கென ஒன்றும் இல்லாதிருக்கையிலேயே பிறர் சொன்னதைச் சுருக்கி எழுதப் பணிக்கப்படுதலே குறை. ஆசிரியர் வரிக்கு வரி தமிழில் பொருள் கூற, பிள்ளைகள் விடையை மனனஞ் செய்வர். எழுத்து முந்தும், செவி பிந்தும். நூலாசிரியர் வகுத்த நெறி அவர் நூலைக் கொண்டே தலைகீழாகும்.

வயல் சூழ்ந்த அவ்வூர்ப் பிள்ளைக்கு, வெள்ளாமைக்குள் யானை இறங்கிய செய்தி புதிதன்று. யானையை யார் கண்டார், எங்கே நின்று கண்டார், வாப்பா வந்து என்ன சொன்னார் என வினவினால், பூமாப் பாடம் வேண்டும் அதே இறந்தகால வினைகளும் பிறர்கூற்று வாக்கியங்களும் தாமே தேவைப்படும். அவற்றை முதலிற் கேட்கலாம், பின்னர்ப் பேசலாம், இறுதியில் எழுதலாம்.

இது கற்பித்தல் முறை பற்றிய சிறு விவாதமன்று. நம் பல்கலைக்கழகங்களிற் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என வழங்குவர். அச்சொல்லைத் தலைப்பிற் கொண்டு மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரை, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் கருவியாய் நிற்பதை ஆராய்ந்தது. பாடத்தை மனனஞ் செய்த பிள்ளை பெறுவது உறையை மட்டுமே. வாள் பிறர் கையில் இருக்கும்.

ஆதலின் இந்நூல் சிறுவர் வகுப்பில் ஆசிரியரின் மேசைமீது இருத்தல் தகும். அதன் ஒழுங்கையும் வினாத்தொடுக்கும் முறையையும் அவர் கொள்ளட்டும். பொருளைப் பிள்ளைகள் தருவர்.