கண்டுபிடித்தல் என்னும் பட்டா

'1492-இல் கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்.' பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்து ஒப்பித்த வாக்கியம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன; அங்கே வாழ்ந்த மனிதர்கள்தான் இல்லை. 'ஏற்கெனவே ஆள் இருந்த ஊரை எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?' என்று கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என் சிக்கல் வேறு. இதை வெறும் தகவல் பிழையாக என்னால் பார்க்க முடியவில்லை. 'கண்டுபிடித்தல்' ஒரு பட்டா.

அக்டோபர் 12 அன்று கொலம்பஸோடு அரசுக் கொடியும் ஓர் எழுத்தரும் கரையிறங்கினார்கள். தீவின் மக்கள் குவனஹானி என்றழைத்த மண்ணுக்கு சான் சால்வடார் என்று பெயர் சூட்டி, ஸ்பெயின் மன்னர்களின் உடைமை என்று பதிவு செய்தார்கள். அந்தப் பிரகடனம் அம்மக்களுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமுமில்லை. அது பிற ஐரோப்பிய அரசர்களை நோக்கிய சொல்லாடல். 1493-இல் போப் ஆறாம் அலெக்சாண்டரின் ஆணை அதற்குத் தெய்வ முத்திரை குத்தியது.

1823-இல் 'ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ்' வழக்கில் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இதையே சட்டமாக்கினார்: நிலம் கண்டுபிடித்த தேசத்துக்கு, பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டும். வீட்டுக்காரன் ஒரே சொல்லில் வாடகைக்காரன் ஆனான். பறிபோன நிலத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிய ஒனைடா மக்கள், அதன்மீது தங்கள் இறையாண்மையைக் கோர முடியாது என்று 2005-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பிலும் இதே கோட்பாடு. 2023 மார்ச்சில் வத்திக்கான் கோட்பாட்டைக் கைகழுவியது. நிலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நம்முடைய எதிர்க்கதையாடலிலும் ஓர் ஓட்டை உண்டு. 'அழிந்துபோன டைனோ மக்கள்' என்று அனுதாபத்தோடு எழுதுகிறோம். நோயும் அடிமை உழைப்பும் அவர்களைச் சூறையாடியது உண்மை. ஆனால் போர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் 'நாங்கள் டைனோ' என்று சொல்லுகிற மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை இல்லாமலாக்கும் வேலையை நம் அனுதாபமே செய்து முடிக்கிறது. எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கின் பெயரிலேயே அவர்களுடைய சொல் இருக்கிறது: புயலுக்கு டைனோ மொழியில் வழங்கிய சொல், ஸ்பானிஷ், ஆங்கிலம் வழியாக நம் திண்ணைக்கு வந்தது.

'கொலம்பஸ் வந்து எறங்கினான்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்ப்போம். 'யார் ஊருல?' என்று அதுகளே கேட்கும்.